அலாய் வீலில் படியும் கருந்தூளும் அதைக் கழுவும் முறையும்

காரின் நான்கு சக்கரங்களையும் நன்றாகக் கழுவி, ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். முன்சக்கரம் இரண்டும் கறுத்திருக்கும், பின்சக்கரங்களில் அவ்வளவு இருக்காது. சாலைப் புழுதிதான் காரணம் என்றால் நான்கும் ஒன்றுபோல் அழுக்காக வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குகளுக்குத்தான். அங்கே சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடும் உரசித் தேய்ந்து உதிர்வதே அந்தக் கருந்தூள். பல சின்னக் கார்களில் பின்னால் இருப்பது மூடிய உருளைக்குள் இயங்கும் டிரம் பிரேக். அதன் தூளில் பெரும்பகுதி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும்.

டிஸ்க் வார்ப்பிரும்பில் செய்தது. பேடில் எஃகு இழை, கிராஃபைட், இவற்றைப் பிணைக்கும் பீனாலிக் பிசின் எல்லாம் உண்டு. ஆகவே தூளில் இரும்புதான் அதிகம். சூட்டோடு உதிரும் துகள் வீலின் மேல்பூச்சில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். அதனால் துகள் பூச்சைக் கவ்விப் பிடிக்கிறது. வெள்ளி நிற வீலில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தால் இந்தக் கட்டம் வந்துவிட்டது என்று பொருள். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், துருவைக் கரைக்காது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லையே என்று பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையோ கழிவறை ஆசிட்டையோ எடுப்பது அப்போதுதான். வீல்கள் இப்படியும் கெடுகின்றன.

அலாய் வீல் என்பது பெரும்பாலும் 7 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியம். அதன்மேல் பெயிண்ட், அதற்கும் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு. இந்தக் கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிது. கல் தெறித்துப் பூச்சு பெயர்ந்த இடத்தில் அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படரும் சில நானோமீட்டர் ஆக்சைடு படலம் மட்டுமே. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு (7 என்றால் நடுநிலை) சுமார் 4-க்குக் கீழே போனாலும், 8.5-க்கு மேலே போனாலும் அந்தப் படலம் கரையும். அமிலம், காரம் இரண்டுக்குமே அலுமினியம் ஆகாது. காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் வெற்று அலுமினியத்தைச் சில நிமிடங்களில் மங்கலாக்கிக் கறுக்க வைப்பதும், துணி துவைக்கும் பவுடர் நாளடைவில் பளபளப்பைக் கெடுப்பதும் இதனால்தான்.

கழிவறை ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழுவிவிட்டாலும் இடுக்குகளில் தங்கும் குளோரைடு, கிளியர் கோட்டுக்கு அடியில் புகுந்து அரிக்கும். புழு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் படரும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றே இந்த வேலையைச் செய்துவிடும். முகப்பைச் சீவிப் பளபளப்பாக்கிய டைமண்ட் கட் வீலில் இது சீக்கிரம் வரும், ஏனென்றால் லேத்தில் சீவிய கூர்விளிம்பில் கிளியர் கோட் மெலிதாகத்தான் நிற்கும். வந்துவிட்டால் மறுபடி சீவுவதைத் தவிர வழியில்லை, அதையும் ஓரிரு முறைக்கு மேல் செய்ய முடியாது. சில வீல் ஆசிட்களில் அம்மோனியம் பைஃபுளோரைடு இருக்கும். அது வீலுக்கு மட்டுமல்ல, கைக்கும் ஆபத்து: தோலுக்குள் ஊடுருவி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள்.

துகளை எடுக்கச் சரியான பொருள், தயோகிளைகோலேட் கலந்த நடுநிலை பிஎச் அயர்ன் ரிமூவர். அது இரும்போடு சேர்ந்து தண்ணீரில் கரையும் சேர்மமாக மாறும்போது ஊதா நிறம் காட்டும். நாற்றம் பழகியதாக இருக்கும். முடி நீக்கும் கிரீமிலும் இதே குடும்ப வேதிப்பொருள்தான்.

எதையும் தெளிப்பதற்குமுன் உங்கள் வீலின் மேல்பூச்சு என்ன என்று பாருங்கள். வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் எடுத்து, கண்ணில் படாத மூலையில் லேசாகத் தேய்க்கவும். துணி கறுத்தால் அது வெற்று உலோகம், கறுக்காவிட்டால் மேலே பூச்சு இருக்கிறது. பளபளப்பில்லாத மேட் வீலில் இந்தச் சோதனையே வேண்டாம், தேய்த்த இடம் மட்டும் மினுமினுக்கும்.

ஓட்டிவந்த சூட்டில் தொடாதீர்கள். அரைமணி நேரமாவது நிழலில் ஆறட்டும். சூடான வீலில் ரசாயனம் காய்ந்து கறையாகிவிடும். முதலில் தண்ணீர் அடித்து மணலைப் போக்குங்கள். பிரஷர் வாஷர் என்றால் ஓரடி தள்ளியே பிடிக்கவும், பூச்சு பெயர்ந்த விளிம்பில் நேராக அடித்தால் இன்னும் உரிந்து வரும். பிறகு ஒரு வீலுக்கு 30 முதல் 50 மில்லி ரிமூவர் தெளித்து 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். காயவிடக் கூடாது. ஊதா வழியத் தொடங்கியதும் மென்மையான பிரஷ்ஷால் கலைத்து நிறையத் தண்ணீர் ஊற்றவும். நான்கிலும் ஒரே நேரத்தில் தெளிக்காமல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அதன்பின் 10 லிட்டர் தண்ணீரில் 20, 30 மில்லி கார் ஷாம்பூ. வீலுக்கென்று தனி வாளி, தனித் துணி. இந்தத் துணியில் ஏறிய இரும்புத்தூள் பாடியில் பட்டால் கீறல்தான்.

வீலின் உட்புறத்தில், சக்கரம் ஆடாமல் சுழல வைக்கும் பேலன்சிங் எடைகள் பசையால் ஒட்டியிருக்கும். ஒட்டிய சாலைத் தாரை எடுக்க அங்கே பெட்ரோலோ தின்னரோ போட்டால் பசை இளகி எடை விழும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டீரிங் நடுங்கும். தார் ரிமூவரைத் துணியில் நனைத்து, தார் உள்ள இடத்தில் மட்டும் ஒற்றி எடுங்கள்.

போர்வெல் தண்ணீர் என்றால் காயுமுன் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். உப்புப் புள்ளி படிந்துவிட்டால், கிளியர் கோட் உள்ள வீலில் மட்டும், வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு நிமிடம் ஒற்றிக் கழுவலாம். காய்ந்த வீலில் சீலண்ட் (அழுக்கு ஒட்டாமல் காக்கும் பூச்சு) பூசினால் அடுத்தமுறை தூள் தண்ணீரிலேயே பெரும்பாலும் போகும். மெழுகு பிரேக் சூட்டுக்கு நீண்ட நாள் தாங்காது.

கழுவியதும் வண்டியை அப்படியே நிறுத்திவிடாதீர்கள். ஈர டிஸ்க்கில் சில மணி நேரத்திலேயே துரு படரும். ஹேண்ட் பிரேக் போட்டு நாள்கணக்கில் விட்டால் பேடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை லேசாகப் பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவைத்தபின் நிறுத்துங்கள்.