டெப்ரிகேஷன்: தவிர்ப்பறிவிப்பு

நிரல் எழுதுவோர் அடிக்கடி காணும் எச்சரிக்கை ‘டெப்ரிகேட்டட்’. ஒரு ஃபங்ஷனுக்கோ (குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல்பகுதி) நிரல்மொழியின் பழைய பதிப்புக்கான ஆதரவுக்கோ இந்த முத்திரை விழுந்தால் அது அன்றே நின்றுவிடாது. இன்றும் ஓடும், நாளையும் ஓடும். புதிதாக எழுதும்போது இதைச் சேர்க்காதீர்கள், பழைய நிரலிலிருந்தும் படிப்படியாக எடுத்துவிடுங்கள் என்று பராமரிப்பாளர்கள் முன்கூட்டியே சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

சொல்லின் வேர் லத்தீன். ‘ப்ரெகாரி’ என்றால் வேண்டுதல், இறைஞ்சுதல். முன்னால் ‘தே’ சேர்ந்தால், தீங்கு வராதபடி வேண்டி விலக்குதல். ஆங்கிலத்துக்கு வந்தபின் இறைஞ்சுதல் தேய்ந்து, ஏற்க மறுத்தல் என்ற பொருள் நிலைத்தது. கணினித்துறை எடுத்துக்கொண்டது இந்தப் பிற்காலப் பொருளை. தமிழிலும் ‘வேண்டு’ என்ற ஒரே வினையிலிருந்துதான் வேண்டுதலும் வருகிறது, வேண்டாம் என்பதும் வருகிறது.

இதை ‘வழக்கொழிந்தது’ என்று தமிழாக்குவோர் உண்டு. அது பொருந்தாது. வழக்கொழிந்ததை யாரும் பயன்படுத்துவதில்லை. டெப்ரிகேட் ஆனதையோ பலர் இன்னும் நம்பியிருக்கிறார்கள், அதனால்தான் அறிவிப்பே தேவைப்படுகிறது. ‘கைவிடப்பட்டது’ என்பதும் அவசரப்பட்ட சொல். ‘விலக்கு’ என்றால் வரிவிலக்குப் போலச் சலுகையாகவும் படிக்க இடமிருக்கிறது. ‘தவிர்ப்பறிவிப்பு’ என்பதே சரியென்று கருதுகிறேன். தவிர்க்கச் சொல்வதும் அதில் இருக்கிறது, முன்கூட்டிச் சொல்வதும் இருக்கிறது.

அறிவிப்பில் தேதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவா என்ற நிரல்மொழி நல்ல சான்று. திரெட்டை, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச்சரத்தை, இடையில் நிறுத்தும் ‘ஸ்டாப்’ ஆபத்தானது என்று 1998இல் வந்த 1.2 பதிப்பிலேயே தவிர்ப்பறிவிப்பு தந்தார்கள். அது வேலை செய்யாமல் போனது 2023இல், 20ஆம் பதிப்பில். இவ்வளவு காலம் எதுவும் நடக்காதபோது எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்? 2017இல் வந்த 9ஆம் பதிப்பில், ‘இது உண்மையாகவே நீக்கப்படும்’ என்று தனியாகக் குறிக்கும் வசதியைச் சேர்க்க வேண்டியிருந்தது.

மொழிப் பதிப்புக்கான ஆதரவை முற்றாக நிறுத்துவது வேறு. அதை ‘ஆதரவு நீக்கம்’ எனலாம். மொழியின் பராமரிப்பே முடிவதை ‘ஆயுள் முடிவு’ எனலாம். பைத்தான் என்ற நிரல்மொழியின் 2.7 பதிப்புக்கு முதலில் குறித்த ஆயுள் முடிவு 2015. பைத்தான் 3க்கு மாறுவோர் திணறியதால் 2014இல் அதை 2020க்குத் தள்ளினார்கள். 2020 ஜனவரி 1 அன்று பராமரிப்பு முடிந்தது. இப்போது ஆண்டுக்கொரு பைத்தான் பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு ஆயுள்.

லைப்ரரி (பிறர் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு) எழுதுபவர், ஒரு பதிப்புக்கான ஆதரவை நீக்க அந்த ஐந்தாண்டும் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பழைய பதிப்புகளைத் தாங்குவதென்றால், ஆதரிக்கும் ஒவ்வொரு பதிப்பிலும் சோதனை ஓட்ட வேண்டும், மொழியின் புதிய வசதிகளைத் தொடாமல் எழுத வேண்டும். அந்தச் சுமை பெரும்பாலும் சம்பளமில்லாத சிலர் தோளில் விழுகிறது. அறிவியல் பைத்தான் லைப்ரரிகள் 2019இல், ஒரு பதிப்பை 42 மாதம் ஆதரித்தால் போதும் என்ற அளவை முன்வைத்தன. பிறகு அதை மூன்றாண்டாகக் குறைத்தன. பாதுகாப்புத் திருத்தமே வராத பதிப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் சுமக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆதரவு நீங்கினால் பழைய பயனர் நடுத்தெருவில் நிற்பதில்லை. எந்தப் பைத்தான் பதிப்பு தேவை என்பதைத் தொகுப்பின் விவரக்குறிப்பில் எழுதிவிட்டால், பழைய பைத்தானில் இருப்பவருக்கு அதற்குப் பொருந்தும் கடைசி வெளியீட்டையே, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் தேடி நிறுவும். 2016இல் வந்த பிப் 9 முதல் இப்படித்தான். அந்த ஒரு வரியை விட்டுவிட்டால், ஓடாத புதிய வெளியீடு அவர் கணினியில் போய் இறங்கும்.

வெளியீட்டுக் குறிப்பில் இப்படி எழுதலாம்: ‘இந்த ஃபங்ஷனுக்குத் தவிர்ப்பறிவிப்பு தரப்படுகிறது. 5.0 வெளியீட்டில் நீக்கப்படும். பைத்தான் 3.9க்கான ஆதரவும் அதே வெளியீட்டில் நீங்கும், 3.9இல் இருப்போர் 4 வரிசையிலேயே தொடரலாம்.’