சவுண்ட் மாட்யூலை ‘ஒலிப்பெட்டி’ என்று எழுதாதீர்கள்

போன மாதம் மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பழைய சவுண்ட் மாட்யூல் ஒன்றை வாங்கியிருந்தார். மின்சாரம் கொடுத்ததும் திரை ஒளிர்கிறது, பொத்தானை அழுத்தினால் பியானோ, வயலின் என்று பெயர்கள் மாறுகின்றன, சத்தம் மட்டும் வரவில்லை. “சார், இதுல ஸ்பீக்கர் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியல. கழட்டிப் பாக்கட்டுமா?” என்றார். “வேண்டாம் தம்பி, அதுல ஸ்பீக்கரே கிடையாது” என்றேன். “அப்ப ஏன் சார் ஒலிப்பெட்டின்னு போட்டிருக்காங்க?”

நியாயமான கேள்வி. அவர் கையில் இருந்த தமிழ் வழிகாட்டி முழுக்க அந்தச் சொல்தான். அதைப் பார்ப்பது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இதுவரை எரிச்சலோடு கடந்து போயிருக்கிறேன். ஒரு சொல்லை நம்பி ஒருவர் திருப்புளியைக் கையில் எடுக்கும் நிலை வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கீபோர்டான டிஜிட்டல் சிந்தசைசர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தி வாசிக்கும் அதன் கட்டைகளை நீக்கிவிட்டு, ஒலியை உருவாக்கும் மின்சுற்றை மட்டும் ஒரு சிறு கூட்டுக்குள் வைத்தால் அதுதான் சவுண்ட் மாட்யூல். ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1987-இல் டி-50 என்ற கீபோர்டைக் கொண்டுவந்தது. கட்டை இல்லாத அதன் வடிவத்துக்கு டி-550 என்று பெயர். கோர்க் நிறுவனத்தின் எம்1-க்கு எம்1ஆர் அப்படி. ஏற்கெனவே நல்ல கட்டைகள் உள்ள கீபோர்டு ஒன்று கையில் இருப்பவர் ஒவ்வொரு புது ஒலிக்கும் இன்னொரு கீபோர்டு வாங்கி அடுக்க வேண்டியதில்லை, மாட்யூல் போதும். 1983-இல் மிடி என்ற பொது ஏற்பாடு வந்ததால்தான் இது முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு நிறுவனத்தின் கீபோர்டு இன்னொரு நிறுவனத்தின் மாட்யூலை வாசிக்கலாம்.

சொற்பிறப்பு நீளமான கதையல்ல. சிந்தசைசருக்கு வேரான ‘சிந்தசிஸ்’ கிரேக்கம்: ‘சின்’ என்றால் உடன், மீதிப் பகுதி ‘வைத்தல்’ என்று பொருள்படும் வினை. ஒன்றோடொன்றை வைத்து ஆக்குதல். ‘மாட்யூல்’ இலத்தீன் ‘மோடுலுஸ்’, சிறிய அளவை. கட்டடக் கலையில் அளவுக்கான அலகாக இருந்தது, பிறகு கழற்றி மாட்டக்கூடிய உறுப்புக்கு வந்து நின்றது. அவ்வளவுதான்.

இப்போது ஒலிப்பெட்டிக்கு வருகிறேன். தமிழில் ஒலிப்பெட்டி என்றால் ஸ்பீக்கர். மேடையின் இரண்டு பக்கமும் நிற்பது ஒலிப்பெட்டி. கணினிக்கு இரண்டு ஒலிப்பெட்டி வாங்கினேன் என்கிறோம். ஊன்றிப்போன இந்தச் சொல்லை எடுத்து, ஸ்பீக்கரே இல்லாத ஒரு கருவிக்குச் சூட்டுகிறார்கள். சூட்டியவர், கருவியை இணைக்கும் முறையை ஒரே ஒரு வாக்கியத்தில் எழுதிப் பார்த்திருந்தால் தன் தவறு தெரிந்திருக்கும். மாட்யூலின் வெளியீட்டை ஸ்பீக்கரில் கொடுக்கச் சொல்ல வேண்டும். “ஒலிப்பெட்டியை ஒலிப்பெட்டியுடன் இணைக்கவும்.” இதைப் படித்துவிட்டு யாரால் எதை எதில் செருக முடியும்?

ஒலிப்பெட்டியை ஆதரிக்கும் நண்பர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள், அது வலுவான வாதம். தமிழ் இசையில் ‘பெட்டி’ பழகிய சொல் என்கிறார்கள். சுருதிப்பெட்டி இருக்கிறது. ஆர்மோனியம் வாசிப்பவரைப் பெட்டி வாசிப்பவர் என்றே சொல்கிறோம். அந்த வரிசையில் இதுவும் ஒரு பெட்டியாக இருந்துவிட்டுப் போகட்டுமே?

இருக்கலாம், அந்தப் பெட்டிகளைப் போல இதுவும் நடந்துகொண்டால். சுருதிப்பெட்டியின் துருத்தியை அசைத்தால் அந்த இடத்திலேயே ஒலி பிறக்கிறது. ஆர்மோனியத்தில் கட்டையும் நாவும் காற்றும் எல்லாம் ஒரே பெட்டிக்குள். ஆகவே அவற்றைப் பெட்டி என்றபோது, தனியே வைத்து வாசிக்கலாம், தனியே கேட்கலாம் என்ற பொருளும் சேர்ந்தே நம் காதில் விழுந்தது. சவுண்ட் மாட்யூல் இரண்டு பக்கமும் பிறரை நம்பி நிற்கிறது. வாசிக்க ஒரு கீபோர்டோ கணினியோ வேண்டும். கேட்க ஹெட்போனோ ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கருமோ வேண்டும். நடுவில் இருப்பது அது. ‘பெட்டி’ என்ற சொல் மறைப்பது சரியாக இந்த நடுவில் இருக்கும் தன்மையைத்தான். மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதும் இதுதான்.

இரண்டாவது போட்டிச் சொல், கலைச்சொல் பட்டியல் போடுகிறவர்களுக்குப் பிடித்தது: சிந்தசைசர் ‘ஒலித் தொகுப்பி’, மாட்யூல் ‘தொகுதி’. இரண்டையும் சேர்த்தால் ஒலித் தொகுப்பித் தொகுதி. கிரேக்கத்திலிருந்து வந்த ஒரு கருத்துக்கும் இலத்தீனிலிருந்து வந்த வேறொரு கருத்துக்கும் ‘தொகு’ என்ற ஒரே வேர். வாயில் போட்டுச் சொல்லிப் பாருங்கள். தொகுதி என்றவுடன் ஒருவருக்குத் தேர்தல் நினைவு வரும், பள்ளி மாணவருக்குப் பின்னத்தின் மேல் எண் நினைவு வரும், வாசகருக்குக் கவிதைப் புத்தகம் நினைவு வரும். ஏற்கெனவே இவ்வளவு சுமக்கும் சொல்லின் தலையில் இதையும் ஏற்ற வேண்டுமா?

இதைவிட என்னை உறுத்துவது வேறு. தொகுத்தல் என்பது ஏற்கெனவே இருப்பதைத் திரட்டி வைப்பது. எட்டுத்தொகை தொகுக்கப்பட்டது. தொகுத்தவர்கள் அந்தப் பாடல்களைப் பாடியவர்கள் அல்லர். சிந்தசைசர் செய்வது எதிர்த்திசை. யமஹா 1983-இல் வெளியிட்ட டிஎக்ஸ்7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பதிவு செய்த ஒலி எதுவும் கிடையாது. ஓர் அலை இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைக்கிறது, அந்த அசைவிலிருந்து மணியோசையும் மின்பியானோவும் பிறக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த முறை அது. இதில் எதை எங்கிருந்து தொகுத்தார்கள்? பின்னால் வந்த பல மாட்யூல்களில் உண்மையான கருவிகளின் சிறு பதிவுகள் நினைவகத்தில் இருக்கின்றன, அது உண்மை. அந்தப் பதிவுகளைத் திரட்டியதைத் தொகுப்பு என்று சொல்ல ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றை வடிகட்டி, வளைத்து, ஏற்றி இறக்கிப் புது ஒலியாக்கும் வேலைக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

ஒளிச்சேர்க்கையை இலங்கையில் ஒளித்தொகுப்பு என்கிறார்களே, அங்கே ‘சிந்தசிஸ்’ தொகுப்புதானே என்று ஒருவர் கேட்டார். இலை விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஓர் ஆங்கிலச் சொல் நிற்கும் இடமெல்லாம் ஒரே தமிழ்ச் சொல்லை நிறுத்த வேண்டும் என்பதுதான் நோய். சிந்தெடிக் துணியைத் தொகுப்புத் துணி என்று யாரும் சொல்வதில்லை, செயற்கைத் துணி என்கிறோம், எல்லோருக்கும் விளங்குகிறது. ‘ஒலிகூட்டி’ என்றொரு பரிந்துரையும் உண்டு. கூட்டுதல் அழகான இசைச் சொல். சுருதி கூட்டுவது நம் பேச்சில் உயிரோடு இருக்கிறது. ஆனால் “சத்தத்தைக் கூட்டு” என்பதும் அதே அளவு உயிரோடு இருக்கிறதே! ஒலிகூட்டி என்றால் ஆம்ப்ளிஃபையர் என்றுதான் காதில் விழும்.

சிந்தசைசருக்கு நான் சொல்வது ஒலிபுனைவி. புனைதல் என்றால் மாலை புனைதல், பாப் புனைதல். தனித்தனிப் பூவை ஒன்றாக்குவதும் இல்லாததை உண்டாக்குவதும் அந்த ஒரே வினைக்குள் இருக்கின்றன. சிந்தசைசர் என்றே எழுதுவேன் என்பவரோடு எனக்கு வழக்கு இல்லை. வாசிப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பிழையான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல்.

மாட்யூலுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது ஒலிமூலம். இயற்பியல் பாடத்தில் ஒலி மூலம், கேட்பவர் என்று படித்தவர்களுக்குப் புதிய சொல்லே அல்ல. கருவிகளைச் செய்த ஜப்பானியர்களும் இதே வழியில்தான் போயிருக்கிறார்கள். அவர்கள் மொழியில் இதற்கு ஒங்கென் என்று பெயர். ‘ஒன்’ ஒலி, ‘கென்’ ஆறு பிறக்கும் ஊற்று, மூலம். கூட்டின் வடிவத்தையோ ஆங்கிலச் சொல்லையோ பார்க்காமல், இணைப்பில் அந்தக் கருவிக்கு உள்ள பங்கைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள்.

மாட்யூலுக்குத் ‘தொகுதி’ என்றாலும் ‘கூறு’ என்றாலும் சறுக்கும் இன்னோர் இடமும் உண்டு. 1964-இல் ராபர்ட் மூக் உருவாக்கத் தொடங்கிய மாட்யூலர் சிந்தசைசர்களில் அலையெழுப்பி ஒரு மாட்யூல், வடிகட்டி ஒரு மாட்யூல், ஒலியளவைக் கட்டுப்படுத்துவது ஒரு மாட்யூல். கம்பிகளால் கோத்தால்தான் கருவியாகும். அங்கே மாட்யூல் என்பது உறுப்பு. சவுண்ட் மாட்யூலோ கட்டைகள் மட்டும் இல்லாத முழுக் கருவி. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறது என்பதற்காக நாமும் குழம்ப வேண்டியதில்லை. அது கூறு, இது மூலம்.

மூலம் வடசொல் என்பார்கள். ‘மூலமும் உரையும்’ என்று எத்தனை புத்தக அட்டைகளில் அச்சிட்டிருக்கிறோம். அந்தக் கணக்கை இந்தக் கருவியிடம் வந்து தீர்க்க வேண்டாம். தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர் ஒலியூற்று என்று எழுதட்டும், கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஊற்று தானாகச் சுரக்கும், இது கட்டளை வந்தால்தான் ஒலிக்கும் என்ற ஒரு குறைதான் எனக்குத் தெரிகிறது. ‘ஒலி மூலம் பரவியது’ என்பதில் வரும் ‘மூலம்’ வேறு என்பார்கள். சேர்த்து ஒரே சொல்லாக எழுதுங்கள், குழப்பம் வராது.

மாணவரிடம் திரும்புகிறேன். பெயரை மாற்றிச் சொன்னதும் இணைப்பு அவருக்கே விளங்கிவிட்டது. கீபோர்டின் மிடி அவுட்டிலிருந்து ஒலிமூலத்தின் மிடி இன்னுக்கு ஐந்து ஊசிக் கம்பி. அந்தக் கம்பியில் ஒலி ஓடாது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டார் என்ற செய்தி மட்டும் நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடும். ஒரு கட்டையை அழுத்தும் செய்தி போய்ச்சேர ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி. ஒலிமூலத்தின் இடது, வலது வெளியீடுகள் மிக்சருக்கோ ஆம்ப்ளிஃபையருக்கோ போக வேண்டும். ஒரே கம்பிதான் இருக்கிறது என்றால் பெரும்பாலான கருவிகளில் இடதுபக்கத் துளையில் செருகலாம், அதன் அருகில் மோனோ என்று எழுதியிருக்கும். ஒலியளவைக் குறைத்து வைத்துவிட்டு ஒலிமூலத்தை முதலில் இயக்க வேண்டும், ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில். இல்லாவிட்டால் டமார் என்ற அதிர்ச்சி நேரே ஸ்பீக்கருக்குப் போகும். கீபோர்டு எந்தச் சேனலில் அனுப்புகிறதோ அதில் ஒலிமூலம் கேட்க வேண்டும். சேனல்கள் 16, 1991-இல் வந்த ஜெனரல் மிடி ஏற்பாட்டைப் பின்பற்றும் கருவி என்றால் 10-ஆவது சேனல் தாளக் கருவிகளுக்கு உரியது. அதில் சரளி வரிசை வாசித்தால் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டிரம்தான் கேட்கும். கீபோர்டுக்கும் சொந்த ஒலி இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும், அப்போது கீபோர்டில் லோக்கல் என்பதை அணைத்துவிட வேண்டும்.

மறுநாள் அவரே அழைத்தார். சத்தம் வந்துவிட்டது, பியானோ எண்ணை அனுப்பினால் மட்டும் அடுத்த ஒலி வருகிறது என்றார். சில கருவிகள் ஒலிகளை 0-லிருந்து 127 வரை எண்ணுகின்றன, சில 1-லிருந்து 128 வரை. ஒன்று கழித்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “சார், தாக்குதல் நேரம்னு ஒண்ணு இருக்கே, அது என்ன?”

அதே வழிகாட்டி. ‘அட்டாக்’ தாக்குதல் ஆகியிருக்கிறது. ஓர் ஒலி அமைதியிலிருந்து தன் உச்சத்துக்கு ஏற எடுக்கும் நேரம் அது. தபேலாவுக்குக் குறைவு, வில்லை மெல்ல இழுக்கும் வயலினுக்கு அதிகம். எழுச்சி என்று எழுதியிருந்தால் கேள்வியே வந்திருக்காது. ‘ரிலீஸ்’ வெளியீடு ஆகியிருக்கிறது. கட்டையை விட்டபின் ஒலி அடங்க எடுக்கும் நேரத்துக்குப் புத்தகம் வெளியிடும் சொல்! அதே பக்கத்தில் ஸ்பீக்கருக்குப் போகும் துளைக்கும் வெளியீடு என்றே பெயர். அடங்கல் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஒலிகளை அடுக்கி வைத்திருக்கும் ‘பேங்க்’ வங்கி. கீபோர்டு, கணினியின் விசைப்பலகை. ஆர்மோனியத்திலிருந்து வந்த ‘கட்டை’ நம்மிடம் இருக்கிறது. ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று பாடகர்கள் சுருதி சொல்வதே அதை வைத்துத்தான். அந்தச் சொல் இருக்கும்போது இசைக் கருவியில் எதற்கு விசை?

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் கருவியை ஒருமுறையாவது இயக்கிப் பார்த்துவிட்டு எழுதட்டும். நான் கேட்பது அவ்வளவுதான். வெறும் அகராதியை வைத்துக்கொண்டு அட்டாக்கைப் பார்த்தால் தாக்குதல்தான் கிடைக்கும். கட்டையை அழுத்தி ஒலி எழுவதைக் காதால் கேட்டவருக்கு அந்தச் சொல் வராது.

‘பேட்ச்’ என்பதை அந்த வழிகாட்டி ஒட்டு என்கிறது. மாட்யூலர் கருவிகளில் கம்பிகளைக் கோத்து ஓர் ஒலியை அமைத்ததிலிருந்து வந்த பெயர் அது. கிழிந்த துணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒலியமைப்பு என்று எழுதலாம். மாணவரிடம் பேசும்போது நான் டோன் என்றேன், அவருக்கு அது போதுமாக இருந்தது.