காலை நீட்டும் முன் ஒரு நிமிஷம்

குற்றால சீசனில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பழகியவர்கள் நாம். அதனால் பாளையங்கோட்டையில் இருக்கிற என் அறைக்கு முதல்முறை வருகிறவர்கள், "சட்டையைக் கழட்டணுமா தம்பி?" என்றுதான் கேட்பார்கள். வேண்டாம். ரிஃப்ளெக்ஸாலஜி என்கிற பாத மசாஜில் முழங்காலுக்கு மேல் எனக்கு வேலையே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினால் போதும். பெண்களுக்கு என் மனைவி பார்ப்பார். வேறு எங்கே போனாலும் பெண் பணியாளர்தான் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதல் பத்து நிமிஷம் நான் அமுக்கவே மாட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்பேன். சர்க்கரை இருக்கிறதா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, கர்ப்பமா என்று கேட்பேன். "கால் அமுக்க வந்தா இதெல்லாம் எதுக்கு?" என்று சிலருக்குச் சலிப்பு வரும். எதற்கென்று சொல்கிறேன்.

மானூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி வந்தார். பல வருஷமாகச் சர்க்கரை. குதிகால் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு கரும்புள்ளி. மச்சம் என்றுதான் முதலில் நினைத்தேன். விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் சுற்றிலும் தோல் சிவந்து, லேசாகச் சீழ் கோத்திருந்தது. சீமைக்கருவேல முள், செருப்பைத் துளைத்து ஏறி உள்ளேயே முறிந்திருக்கிறது. "வலிக்கலையா அண்ணாச்சி?" என்றேன். "எது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்தக் காலோடு நாள் முழுக்க வயலில் நடந்திருக்கிறார்.

நான் அதைத் தொடவில்லை. ஊசியால் கிளறவும் இல்லை. இங்கேயே இருக்கிற ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே அனுப்பிவைத்தேன். அரை இருட்டில் ஊதுபத்தி ஏற்றி, எண்ணெயைத் தடவி, கட்டைவிரலால் அழுத்தியிருந்தால் அந்த முள் இன்னும் ஆழத்துக்குப் போயிருக்கும்.

நெடுநாள் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, பாதத்து நரம்புகளைக் கெடுத்துவிடும். சுடுகிறது, குத்துகிறது என்று கால் சொல்லாது. "இன்னும் நல்லா அழுத்துங்க தம்பி, ஒண்ணும் தெரியலை" என்று ஒருவர் சொன்னால் என் கை நின்றுவிடும். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். வலிக்காது, ஐந்து நிமிஷ வேலை.

இன்னொன்று. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, ஆடுசதை சூடாக, தொட்டால் வலிக்கிறதென்றால் மசாஜே கூடாது. உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம். தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. நேராக டாக்டரிடம் போங்கள்.

சரி, இனி அமுக்குவது. சாய்வு நாற்காலியில் உட்காருவீர்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். என் கட்டைவிரல் கம்பளிப்புழு ஊர்வதுபோல மடங்கி நிமிர்ந்து குதிகாலிலிருந்து விரல் நுனிவரை நகரும். கிச்சுக்கிச்சு ஆகுமோ என்று பயப்பட வேண்டாம். அழுத்தம் நிதானமாக இருந்தால் கூசாது. இரண்டு காலுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகும். சுகமான வலி என்று நம்மூரில் சொல்வோமே, அதுதான் எல்லை. பல்லைக் கடிக்கிற அளவுக்கு வலித்தால் உடனே சொல்லுங்கள். வலி தாங்கினால்தான் பலன் என்பது தப்பு.

நடுவில் என் விரலுக்கடியில் 'நறநற' என்று ஏதோ நழுவும். 'உப்பு படிஞ்சிருக்கு, கரைக்கணும், பத்து தடவை வரணும்' என்று சில இடங்களில் சொல்வார்கள். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், அவற்றின்மேல் ஓடும் தசைநார்கள். விரலுக்கடியில் நழுவுவது பெரும்பாலும் அந்த நார்தான். கால் தொட்டியில் மின்சாரம் செலுத்தி, தண்ணீர் பழுப்பானதும் 'உடம்புக் கழிவு' என்று காட்டுவதையும் நம்பாதீர்கள். உப்புத் தண்ணீரில் உலோகத் தகடு துருப்பிடிக்கிற நிறம் அது. காலே வைக்காவிட்டாலும் பழுப்பாகும்.

சுவரில் தொங்கும் பாதப் படத்தைப் பற்றியும் கேட்பார்கள். பெருவிரல் தலைக்கு, நடுப்பாதம் வயிற்றுக்கு என்று போட்டிருக்கும். அமெரிக்காவில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற டாக்டர் நூறு வருஷத்துக்கு முன் உடம்பை 10 மண்டலங்களாகப் பிரித்தார். 1930களில் யூனிஸ் இங்ஹாம் என்ற பிசியோதெரபிஸ்ட் அதைப் பாதத்தில் வரைந்தார். எனக்கு அந்தப் படம் விரல் நகரும் வழிக்கு உதவுகிறது. ஆனால் பாதத்தைத் தொட்டு உங்கள் சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. அப்படிச் சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொன்னால் காலை உருவிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கிடைக்கிற பலன் என்னவோ உண்மையானது. முக்கூடலிலிருந்து வரும் ஓர் அக்கா, நாள் முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்து, மடியில் தட்டோடு பீடி சுற்றுகிறவர். இரண்டாவது கால் முடிவதற்குள் தூங்கிவிடுவார். எழுப்ப மனசு வராது என்பார் என் மனைவி. உடம்பு தளர்கிறது, மனசு அடங்குகிறது, அன்றைக்கு ராத்திரி தூக்கம் வருகிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

முடிந்ததும் சட்டென்று எழுந்திருக்காதீர்கள். லேசாகத் தலை கிறுகிறுக்கலாம். தண்ணீர் குடித்து, பாதத்தில் க்ரீம் பிசுக்கு போகத் துடைத்து, செருப்பை உதறிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பைக்கில் வந்தவர்கள் பத்து நிமிஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பலாம்.