கற்பூரம் வைத்தால் கேசட் பிழைக்குமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பா காலமாகி ஆறு மாதம் ஆகிறது. கராஜை ஒழிக்கும்போது பழைய தமிழ்ப் படங்களின் வீடியோ கேசட்டுகள் 40 கிடைத்தனவாம், பெரும்பாலும் கருப்பு வெள்ளைக் காலத்தவை. சிலவற்றின் சன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. "பெட்டிக்குள் நாலு கட்டி கற்பூரம் போடு, போய்விடும் என்கிறார் அம்மா. நான் எல்லாவற்றையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். எது சரி, அண்ணா?"

இரண்டும் சரியில்லை, தங்கச்சி. கற்பூரத்தால் பெரிய பலன் இல்லை. ஓட்டிப் பார்ப்பதோ அதைவிட மோசம். அந்த வெள்ளை, பூஞ்சை. டர்பன் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஊறுகாய் ஜாடியே பூக்கிறது, கராஜில் கிடந்த கேசட் பூக்காதா? அதை ஏன் ஓட்டக்கூடாது என்பது புரிய, வீடியோ மெஷினுக்குள் நடப்பதைப் பார்க்கவேண்டும். (சென்னைக்காரர்கள் அதை டெக் என்பார்கள்.) எனக்கும் இது சாக்கு. இந்த மெஷினைப் பற்றிப் பேச யாராவது வாய்ப்புக் கொடுக்கமாட்டார்களா என்று காத்திருக்கிறேன்.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். நாடா என்பது பாலியெஸ்டர் பட்டை. அதன்மேல் காந்தமாகக்கூடிய இரும்பு ஆக்சைடு தூள். தூளைப் பிடித்துவைக்க ஒரு பசை. ஹெட் என்பது ஓரிடத்தில் மயிரிழையைவிட மெல்லியதாக வாய் பிளந்த மின்காந்த வளையம். அந்தப் பிளவைத் தொட்டுக்கொண்டு நாடா ஓடினால் தூள் காந்தமாகும். மறுபடி ஓட்டினால் அதே காந்தம் மின்குறியாகத் திரும்ப வரும். பாட்டு கேசட்டுக்கு இது போதும். மனிதக் காதுக்கு வினாடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது.

படத்துக்கு இது பத்தாது. விஎச்எஸ் என்ற வீட்டு வீடியோ கேசட்டின் நாடாவில் படம் வினாடிக்கு 48 லட்சம் அதிர்வு வரை பதிகிறது. அவ்வளவையும் நெருக்காமல் எழுத, நாடா ஹெட்டைத் தாண்டி வினாடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் ஓடவேண்டும். 1958இல் பிபிசி அப்படியே ஓட்டிப் பார்த்தது. ராட்சதச் சக்கரத்தில் நாடாவைச் சுற்றி, கால் மணி நேரப் படம்தான் கிடைத்தது. மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு 52 கிலோமீட்டர் நாடா ஆகும். டர்பனில் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை டொங்காட்டைத் தாண்டிப் போய்விடும்.

நாடா ஓடவேண்டாம், ஹெட் ஓடட்டும் என்று யோசித்தவர்கள்தான் இதைத் தீர்த்தார்கள். அமெரிக்காவில் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இலேயே அந்த வழியில் ஒரு மெஷினைக் கொண்டுவந்திருந்தது. அது அறையை அடைக்கும் சாமான். வீட்டு மேசைமேல் வைக்கும் விஎச்எஸ் மெஷினை ஜப்பானின் ஜேவிசி 1976இல் வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சியே அந்த வருடம் ஜனவரி 5ஆம் தேதிதான் முறையாகத் தொடங்கியது. டிவியும் வீடியோவும் எங்கள் வீடுகளுக்கு அக்கா தங்கைபோல அடுத்தடுத்து வந்தன.

மூடியைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் 62 மி.மீ. விட்டமுள்ள பளபளப்பான உருளை, கொஞ்சம் சாய்ந்து நிற்கும். கேசட்டைப் போட்டதும் இரண்டு கம்பிகள் நாடாவை வெளியே இழுத்து, உருளையைப் பாதிக்கு மேல் அணைத்தாற்போல் சுற்றுகின்றன. நாடா ஆமை வேகத்தில் ஊர்கிறது: வினாடிக்கு 23 மி.மீ., பாட்டு கேசட்டின் வேகத்தில் பாதி. உருளையோ நிமிடத்துக்கு 1500 சுற்று சுழல்கிறது. அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு ஹெட்டுகள், கடுகைவிடச் சின்னவை. உருளை சாய்ந்திருப்பதால் ஹெட் நாடாவின் குறுக்கே, ஏறக்குறைய 6 டிகிரி சரிவில், ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டே போகிறது.

வாழைக்காயை நேராக வெட்டினால் வட்ட வில்லை. சாய்த்து வெட்டினால் நீள வில்லை. காய் அதே காய்தான். நாடாவின் அகலம் 12.7 மி.மீ. சரிவாக எழுதும்போது ஒரு கோட்டின் நீளம் 97 மி.மீ. ஒரு கோட்டில் திரையின் பாதிப் படம், அடுத்த கோட்டில் மீதிப் பாதி. ஹெட் பத்து சென்டிமீட்டர் ஓடி முடிக்கும் நேரத்தில் நாடா அரை மில்லிமீட்டர்கூட நகர்ந்திருக்காது. ஊர்கிற நாடாவின்மேல் ஹெட்டுக்கு வினாடிக்கு 4.85 மீட்டர் வேகம் கிடைத்துவிட்டது. 52 கிலோமீட்டர் நாடா 250 மீட்டராகச் சுருங்கி உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

கோடுகளுக்கு நடுவே வரப்புகூட விடவில்லை, ஒன்றையொன்று ஒட்டியே கிடக்கின்றன. பக்கத்துக் கோட்டின் குறி கலந்துவிடாதா? ஒரு ஹெட்டின் பிளவை இந்தப் பக்கம் 6 டிகிரியும் மற்றதன் பிளவை அந்தப் பக்கம் 6 டிகிரியும் திருப்பிவைத்தார்கள். ஒன்று எழுதியது மற்றதற்குக் கேட்காது. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள்போல. இதை முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, பூஞ்சைக்கு வருவோம். வேகத்தை அதிர்வால் வகுத்துப் பாருங்கள்: நாடாவில் ஒரு காந்த அலையின் நீளம் சுமார் ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஹெட் நாடாவை விட்டு ஓர் அலைநீளம் விலகினால் குறி 500இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அரை அலைநீளம் விலகினாலே இருபதில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பூஞ்சையின் வித்து ஒன்றே சில மைக்ரான் பருமன். அது இடையில் புகுந்தால் ஹெட்டுக்குக் கண் கட்டியமாதிரிதான். திரையில் வெள்ளைக் கீற்றாக ஓடுவது அதுதான். அதோடு போகாது. வினாடிக்கு 25 தடவை சுழலும் உருளை அந்த அழுக்கை நாடா முழுக்க இழுத்துத் தேய்க்கும். அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் ஒட்டவைக்கும். நீங்கள் நினைத்தபடி வரிசையாக ஓட்டிப் பார்த்தால், நாலாவது கேசட்டோடு எல்லாம் ஒரே நிறம்.

பசையும் சும்மா இருப்பதில்லை. அந்தப் பாலியூரித்தேன் ஈரத்தை உறிஞ்சி மெல்ல உடைகிறது. சில நாடாக்கள் பிசுபிசுத்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும்.

எங்கள் தாத்தா வீட்டுக் கேசட் ஒன்றில் படம் முழுக்கச் சுத்தமாக இருக்கும், ஒரு பாட்டில் மட்டும் புள்ளி புள்ளியாகக் கொட்டும். வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தப் பாட்டு வந்தால் தாத்தா நிறுத்துவார், ரீவைண்ட் செய்வார், மறுபடி நிறுத்துவார். படத்தை நிறுத்தும்போது நாடாதான் நிற்கிறது. உருளை சுழன்றுகொண்டே, இரண்டு ஹெட்டுகளாலும் அதே கோட்டை வினாடிக்கு 50 தடவை தேய்க்கிறது. அதனால்தான் சில நிமிடத்தில் மெஷின் தானே அணைந்துவிடும். தாத்தா மறுபடி அமுக்குவார்.

அம்மா சொன்ன கற்பூரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆரம்ப காலச் சினிமாச் சுருள் செல்லுலாய்டு. அதாவது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் கலந்தது. தீப்பற்றினால் அணைக்க முடியாது. 2003இல் புனேயில் அப்படிச் சுருள்கள் எரிந்து போயின. முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்', 1931இல் வந்தது. இன்று அதன் பிரதி எங்கேயும் இல்லை. உங்கள் நாடா பாலியெஸ்டர், அதற்குக் கற்பூரத்தோடு உறவில்லை. கற்பூர ஆவி ஈரத்தைப் போக்காது, கேசட்டின் பிளாஸ்டிக்கைத்தான் இளக்கப் பார்க்கும். பாச்சை உருண்டையும் அப்படியே.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, டிவிடி கிடைக்காதா என்று கேட்பார்கள். பல படங்களுக்கு டிவிடி ஒரு தடவை அச்சாகி நின்றுவிட்டது. வந்ததிலும் நீளம் குறைக்கப் பாட்டை வெட்டியவை உண்டு. தாத்தாவின் அந்தப் பாட்டு என்னிடம் உள்ள டிவிடியில் இல்லை. இந்தியா 1946இலிருந்து 1990கள் வரை தென்னாப்பிரிக்காவோடு வணிகம் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் கேசட்டுகள் ஊர் சுற்றி, பிரதிக்குப் பிரதியாகத் தேய்ந்து வந்தவை. ஆனால் சில பிரதிகளில்தான் முழுப் படம் இருக்கிறது. விஎச்எஸ் மெஷின் செய்வதைக் கடைசி நிறுவனமான ஃபூனாய் 2016இல் நிறுத்திவிட்டது. ஹெட் தேய்ந்தால் மாற்ற ஆள் கிடைப்பது அரிது. ஒரு கோயிலின் கும்பாபிஷேகத்துக்கு ஒரே வாரத்தில் பணம் சேர்ப்பவர்கள் நாம். அதில் ஒரு சிறு பங்கில் ஊர் முழுக்கக் கிடக்கும் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிவிடலாம். கேட்டால் "அதெல்லாம் யூடியூபில் இருக்கே" என்கிறார்கள். சரி, அந்தப் பாட்டைத் தேடிக் காட்டுங்கள்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. பூத்ததையும் பூக்காததையும் இன்றே பிரித்துவிடுங்கள். முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டே வரவேண்டாம். பூத்ததை மூடி உள்ள டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில வாரம் வையுங்கள். காய்ந்தால் பூஞ்சை பொடியாகி உதிரும், அப்போது நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். வெயிலில் காயப் போடாதீர்கள், அடுப்பருகே வைக்காதீர்கள். பூக்காததை ஹெட் சுத்தமான மெஷினில் போட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்துவிடுங்கள், இரண்டாவது ஓட்டம் கிடைக்குமா என்று சொல்ல முடியாது. கேசட்டின் முதுகில் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருந்தால் முதலில் உடைத்துவிடுங்கள், யாரும் கைதவறி மேலே பதிய முடியாது. புத்தகம்போல நிற்கவைத்து அடுக்குங்கள். எந்தக் கேசட்டில் எந்தப் பாட்டு முழுசாக இருக்கிறது என்று அட்டையில் பென்சிலால் எழுதிவையுங்கள். அப்பா எழுதிய லேபிளைக் கிழிக்காமல்.