மோட்டார் படகுக்குப் புதுக் கித்தான்: நிறம் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

படகு உறையை மாற்ற வருகிறவர்கள் துணி மாதிரிகளைக் கண்டதும் நிறத்தில் இறங்கிவிடுவார்கள். நீலமா, சாம்பலா, படகின் பக்கக் கோட்டுக்கு எது எடுப்பாக இருக்கும் என்று பேசிப் பேசியே நேரம் போய்விடும். தவறில்லை, தினமும் பார்க்கப்போவது அவர்கள்தானே. ஆனால் நாங்கள் கழற்றிப் போடும் பழைய உறைகள் பலவற்றில் துணி இன்னும் உழைக்கிற நிலையில்தான் இருக்கும். தையல் விட்டிருக்கும், பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகியிருக்கும், ஜிப் நகராமல் இறுகியிருக்கும். இவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் கேட்பதில்லை: இறுக்கமாகத் தைத்த புது உறைக்குள் காற்று எப்படி வரும், என்ஜின் புகை எப்படி வெளியே போகும்? இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். முதலில் துணிக் கதையை முடித்துவிடுகிறேன்.

முன்பெல்லாம் படகுக் கித்தான் என்றால் பருத்திதான். நனைந்தால் இழை பருத்து நீரைத் தடுக்கும். ஆனால் காயாமல் மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். இப்போது பெரும்பாலும் அக்ரிலிக் துணி. இழையாக இழுக்கும் முன்பே நிறத்தைக் கலந்துவிடுவதால் வெயிலில் எளிதில் வெளுக்காது. அமெரிக்காவின் கிளென் ராவன் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த சன்பிரெல்லா இந்த வகையில் பெயர்பெற்றது. படகுத் துணிக்கு 10 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அக்ரிலிக்கின் நெசவு வழியாகக் கொஞ்சம் காற்று புகும், உள்ளே ஈரம் தங்குவது குறையும். உரசலைத் தாங்குவதில் பாலியெஸ்டர் ஒரு படி மேல். பிவிசி பூசிய துணி ஒரு சொட்டு நீரையும் விடாது, காற்றையும் விடாது. வெயிலில் நிரந்தரமாக நிற்கும் மேற்கூரைக்கு அக்ரிலிக், டிரெய்லரில் இழுத்துப் போகும்போது போர்த்தும் உறைக்குப் பாலியெஸ்டர் என்பது என் வழக்கம்.

சரி, நூலுக்கு வருவோம். 10 ஆண்டு உத்தரவாதம் என்பது துணிக்குத்தான். அதைத் தைத்திருக்கும் பாலியெஸ்டர் நூல் கடும் வெயிலில் அதில் பாதிக் காலத்திலேயே வலுவிழந்துவிடும். நைலான் நூல் இன்னும் சீக்கிரம் போகும். துணியில் வெயில் பரவலாக விழுகிறது. நூலோ மேலே துருத்திக்கொண்டு நின்று வெயிலையும் உரசலையும் சேர்த்து வாங்குகிறது. வானத்தைப் பார்த்திருக்கும் தையல்தான் முதலில் விடும். சோதிப்பது எளிது: மேற்கூரையின் தையல் ஒன்றை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். நூல் பொடிப்பொடியாக வந்தால் அதன் காலம் முடிந்தது. துணி நன்றாக இருக்கும் பட்சத்தில் புது உறை வேண்டாம், மறுதையல் போதும் என்றுதான் சொல்வேன். எனக்கு வருமானம் குறையும், பரவாயில்லை.

புதிதாகவே தைப்பதாக இருந்தால் பிடிஎஃப்இ நூலைக் கேட்டு வாங்குங்கள். வாணலியில் ஒட்டாமலிருக்கப் பூசுகிறார்களே, அதே பொருள்தான். சூரியனின் புற ஊதாக் கதிர் அதை ஒன்றும் செய்வதில்லை. துணி உள்ளவரை நூலும் இருக்கும். வழுக்கும் நூல் என்பதால் மெஷினில் இழுவிசையைச் சரிசெய்யப் பொறுமை வேண்டும், சில தையல்காரர்கள் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். விலை அதிகம் என்பதும் உண்மை. ஆனால் உறையின் மொத்தச் செலவில் பெரும்பங்கு உழைப்புக்கூலி. நூலில் மிச்சம் பிடித்தால் சில ஆண்டுகளில் அந்தக் கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும்.

பிளாஸ்டிக் ஜன்னல் என்பது பிவிசி தாள். 0.75 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் தடிமன்கள் அதிகம் புழங்குகின்றன. அதை வளையவைக்கும் எண்ணெய்ப்பசை போன்ற பொருள் வெப்பத்தில் மெல்ல மெல்ல வெளியேறும். அப்போதுதான் தாள் மஞ்சளாகி, விறைத்து, சுருங்குகிறது. இதை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். முதலில் நிறைய நீர் விட்டு உப்பைக் கரைத்து ஓடவிடுங்கள், அப்புறம்தான் துணியால் தொடலாம். உலர்ந்த உப்பைத் துடைத்தால் அது தாளைக் கீறும். அம்மோனியா, ஆல்கஹால் கலந்த கண்ணாடித் திரவம் வேண்டவே வேண்டாம். வெயிலுக்காகக் களிம்பு பூசிய கையோடு ஜன்னலைத் தள்ளினாலும் அந்தத் தடம் கறையாகவே நின்றுவிடும். குளிரில் விறைத்திருக்கும் தாளைச் சுருட்டினால் விரிசல்தான் மிச்சம்.

அளவு எடுப்பதில் ஒரு தகராறு அடிக்கடி வரும். “பழைய உறையைத் தருகிறேன், அதே மாதிரி வெட்டிவிடுங்கள், படகைக் கொண்டுவருவது சிரமம்” என்பார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. பழைய உறையில் ஜன்னல் சுருங்கியிருக்கும், துணி சில இடங்களில் இழுபட்டுத் தொய்ந்திருக்கும், முன்பு தைத்தவரின் பிழையும் அப்படியே இருக்கும். கூரையின் குழாய்ச் சட்டத்தை அதற்குரிய இடத்தில் நிறுத்தி, பட்டைகளை இழுத்துக் கட்டி, கெட்டியான பிளாஸ்டிக் தாளைப் படகின் மேலேயே ஒட்டி, பட்டனுக்குப் பட்டன் குறித்துக்கொண்டு எடுக்கும் அளவுதான் அளவு. அன்றைக்குப் படகில் நிரந்தரமாக இருக்கும் எல்லாம் பொருத்தியிருக்க வேண்டும்: ஆன்டெனா, தூண்டில் தாங்கி, விளக்குக் கம்பம். அடுத்த மாதம் புதிதாக ஏதாவது மாட்டப்போகிறீர்கள் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த காலையில் பட்டன்கள் எட்டவில்லை என்று புகார் வருவதுண்டு. வெயிலேறி ஜன்னல் தளரும்வரை காத்திருந்தால் எட்டிவிடும், பல்லைக் கடித்து இழுக்க வேண்டாம். கழற்றும்போதும் துணியைப் பிடித்து இழுக்காமல் பட்டனுக்குப் பக்கத்தில் விரலை விட்டு நெம்புங்கள்.

இனி காற்று.

பழைய உறையில் காற்று போக ஆயிரம் வழி இருக்கும். விட்டுப்போன தையல், பாதியில் நின்ற ஜிப், காணாமல்போன பட்டன். புது உறை வந்த அன்றே அத்தனையும் அடைபட்டுவிடும். மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வராது என்று படகுக்காரருக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையில்தான் ஆபத்து.

பெட்ரோல் என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு ஏராளம். நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும். படகில் இது மூன்றும் வந்தால் என்ன நினைப்போம்? கடல் ஒவ்வாமை என்று நினைத்து, உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்வோம். புகை இருக்கும் இடத்திலேயே!

புகை பின்னால் போகிறது, நாம் முன்னால் போகிறோம், பிறகு எப்படி உள்ளே வரும் என்று கேட்பார்கள். படகு ஓடும்போது அதன் பின்புறம் காற்றழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. முன் ஜன்னல்களும் பக்கத் திரைகளும் மூடி, பின்திரை மட்டும் திறந்திருந்தால் அந்த வழியாகப் புகை உள்ளே இழுக்கப்படும். மூக்கு உயர்ந்தபடி மெதுவாகப் போகும் படகில் இது இன்னும் மோசம். குளிருக்கும் சாரலுக்கும் பயந்து எல்லோரும் செய்வது இதே ஏற்பாடுதான்: முன்னால் மூடு, பின்னால் திற. ஓடும்போது முன்பக்கம் ஒரு வழி திறந்திருந்து, காற்று முன்னிருந்து பின்னுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். என்ஜினோ ஜெனரேட்டரோ ஓடியபடி படகு நிற்கிறது என்றால் சுற்றுத்திரை போட்டு அடைத்து உட்காரவே கூடாது. பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் புகையும் உங்கள் திரைக்குள் வரும் என்பதை மறந்துவிட வேண்டாம். படகுக்கென்றே செய்த கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் புது உறையோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் முன் ஜன்னல் ஒன்றாவது ஜிப்பில் திறக்கும்படி இருக்கட்டும் என்று வற்புறுத்துவேன். ஜிப்பின் இழுப்பானுக்கு உள்ளேயும் வெளியேயும் பிடி இருக்க வேண்டும் என்பது அடுத்த வற்புறுத்தல். காரணம் வேறு. 1999 மே 1 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஹாமில்டன் ஏரியில் நீரிலும் நிலத்திலும் ஓடும் சுற்றுலா வண்டி ஒன்று மூழ்கி 13 பேர் இறந்தார்கள். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், மேலே இருந்த கூரை பயணிகளை வெளியேற விடாமல் தடுத்ததைச் சுட்டிக்காட்டி, இத்தகைய வண்டிகளின் கூரைகளை அகற்றச் சொன்னது. 2018 ஜூலையில் மிசோரியின் டேபிள் ராக் ஏரியில் அதே வகை வண்டி, கூரையோடும் பக்கத் திரையோடும் புயலில் மூழ்கியபோது 17 பேர் போனார்கள். உங்கள் படகு வேறு வகைதான். ஆனால் மூடிய கூரைக்குள் நீர் ஏறினால் உயிர்காப்புக் கவசமே ஆளைத் தூக்கிக் கூரையோடு அழுத்திவிடும் என்பது எந்தப் படகுக்கும் பொருந்தும். வெளியேறும் வழி எது, அது ஒற்றைக் கையால் திறக்கிறதா என்று கரையில் இருக்கும்போதே ஒருமுறை செய்து பாருங்கள். குழந்தைகளையும் செய்யச் சொல்லுங்கள்.

நிறுத்தி வைத்திருக்கும்போது போர்த்தும் உறைக்கும் காற்று வழி தேவை. இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சணம் பூக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் அடித்தளத்தில் போய்த் தங்கும். உள்ளே பொருத்திய பெட்ரோல் என்ஜின் என்றால் உறையை முழுதும் விலக்கிவிட்டு, என்ஜின் அறையின் ஆவியை வெளியேற்றும் காற்றூதியை 4 நிமிடம் ஓடவிட்டு, அடித்தளத்தில் பெட்ரோல் வாசனை இல்லை என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். அமெரிக்காவில் அத்தகைய படகுகளில் இந்த 4 நிமிட எச்சரிக்கையை ஒட்ட வேண்டும் என்று விதியே இருக்கிறது.

மழைநீர் தேங்குவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் நீர் நின்றால் அது 100 கிலோ. துணி தாங்கினாலும் பட்டன்கள் தாங்காது. நடுவே முட்டுக்கொடுத்து நீர் வழிந்தோடும் சரிவு வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிச் சட்டத்தின் முனை முட்டும் இடத்தில் உள்பக்கம் ஒரு ஒட்டுத்துணி கட்டாயம்.

பட்டன் திருகுவதற்குப் புதுத் துளை போடுவதில் கவனம். ஃபைபர் படகின் மேல்தளத்தில் பல இடங்களில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே மரமோ நுரையோ இருக்கும். துளையை அடைப்பான் பசை இல்லாமல் விட்டால் நீர் இறங்கி உள்ளே மரம் ஊறி அழுகும், வெளியே ஒன்றும் தெரியாது. முடிந்தவரை பழைய துளைகளுக்கே பொருந்தும்படி தைக்கச் சொல்லுங்கள். படகின் விளக்குகளை மேற்கூரை மறைக்கிறதா என்பதையும் இரவில் ஒருமுறை தள்ளி நின்று பாருங்கள்.

துவைக்க மிதமான சோப்பும் 38 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த நீரும் போதும். நிழலோ வெயிலோ, காற்றில் உலரட்டும், டிரையரில் போட வேண்டாம். சில ஆண்டுகளில் நீர் முத்து முத்தாக உருளாமல் துணிக்குள் ஊறத் தொடங்கும். துணி கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், நீர்தடுப்புப் பூச்சுதான் தேய்ந்திருக்கிறது. நன்றாகத் துவைத்து உலர்த்தி, துணி தயாரிப்பாளர் சொல்லும் பூச்சை மறுபடி பூசினால் பழையபடி வேலை செய்யும்.

கடைசியாக ஒன்று. உறை கைக்கு வரும்போது, படகின் மேல் எடுத்த அந்த அளவுத் தாளையும் கேட்டு வாங்கிச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஒரு பக்க ஜன்னல் மட்டும் கிழிந்தால், படகைக் கொண்டுவராமலே அந்தத் துண்டை மட்டும் யாரிடமும் தைத்துக்கொள்ளலாம்.