கல்பாசியிலிருந்து பவளப்பாறைக்கு

பவளம் கல்லா, செடியா, விலங்கா என்று சேலத்து ஒன்பதாம் வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பிள்ளைகள் கல் என்பார்கள். பலர் கடலையே பார்த்ததில்லை. அதனால் நான் மளிகைக் கடைக் கல்பாசியிலிருந்து தொடங்குகிறேன். பிரியாணியில் போடும் அந்தக் கருஞ்சுருள், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன். அதன் உறவுக்காரர்களை ஏற்காட்டு மரப்பட்டைகளில் தொட்டே பார்க்கலாம்.

பவளத்திலும் இப்படியொரு கூட்டு உண்டு. பாலிப் என்னும் சிறு விலங்கு சுண்ணாம்பால் கூடு கட்டுகிறது. அதன் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருந்து, வெயிலில் சமைத்த உணவில் பெரும்பங்கை அதற்குக் கொடுக்கின்றன. போதாததற்கு, இரவில் பாலிப் உணர்நீட்சிகளை விரித்து மிதவை உயிரிகளையும் பிடிக்கிறது. உற்பத்தியாளரும் நுகர்வோரும் ஒரே உடலில்! புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று பலகையில் இழுக்கும் நேர்க்கோடு இங்கே செல்லாது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் உணவு வலைப் பாடத்தை முடிக்கவே கூடாது என்பேன்.

அடுத்து நூல்கண்டு விளையாட்டு. ஆளுக்கொரு அட்டை: பாசி, பாலிப், கிளிமீன், நண்டு, கடல் அட்டை, கலவா மீன், சுறா. யார் யாரைத் தின்பாரோ அவர்களுக்கிடையே நூல். பிறகு, கிளிமீன்களை எல்லாம் பிடித்தாயிற்று என்று சொல்லி அந்தப் பிள்ளையை நூலை விடச் சொல்வேன். முதலில் சுறாதான் பட்டினி கிடக்கும் என்று வகுப்பே கத்தும். ஆனால் முதலில் மாறுவது பாறையின் மேல்பரப்பு. கிளிமீன் அலகு போன்ற வாயால் பாறைமேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும். அது இல்லாவிட்டால் பாசி மூடிக்கொள்ளும், பவளத்தின் இளம் லார்வா ஒட்ட இடமிருக்காது. கிளிமீன் விழுங்கிய சுண்ணாம்பு வெண்மணலாக வெளியே வரும் என்றதும் சிரிப்பு அடங்க நேரமாகும். அதை அவர்கள் மறப்பதே இல்லை. உள்ளே வாழும் பாசி, மேலே படரும் பாசி இரண்டையும் தனித்தனி நிறத்தில் எழுதுங்கள், இல்லையேல் குழப்பம் நிச்சயம்.

இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின. 1998, 2010, 2016 ஆண்டுகளில் அங்கே பவளங்கள் வெளுத்தன. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதல் வெப்பம் வாரக்கணக்கில் நீடித்தால் பாலிப் தன் பாசிகளை வெளியேற்றிவிடும். வெளுத்தது உடனே செத்துவிடாது. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பலாம். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரிக்கும் அந்தக் கடல் வெப்பத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை மலைச்சரிவுப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இராமேஸ்வரம் சுற்றுலாவில் கரையொதுங்கிய பவளத் துண்டை ஆய்வகத்துக்கென்று எடுத்துவராதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-இல் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. செத்த துண்டும் அதில் அடக்கம். களிமண்ணில் பாலிப் செய்யச் சொல்லுங்கள். திசுவுக்குள் பச்சைப் பயறுகளைப் பதித்தால் பாசி இருக்கும் இடம் கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.