வாசிக்காமலே வைரஸைப் பிடிப்பது எப்படி?

திருகோணமலை நிலாவெளியில் சிறிய ஹோட்டல் ஒன்றின் கணக்குப் பகுதியில் வேலை செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரவுட்டருக்குப் பக்கத்தில் ஏஐ பெட்டி ஒன்றை வைத்தால் வைரஸ், ஹக்கர் எல்லாம் பிடிபடும் என்று ஒருவர் விற்க வந்தார். யாருடைய மெசேஜையும் அது வாசிக்காதாம். வாசிக்காமல் எப்படி ஐயா பிடிக்கும்?"

பிடிக்கலாம். விற்க வந்தவர் சொன்னதில் அந்தப் பாதி உண்மை.

இன்று இணையத்தில் போய்வருவதில் பெரும்பகுதி குறியாக்கம் செய்யப்பட்டது; நடுவில் நின்று பார்ப்பவருக்கு உள்ளடக்கம் தெரியாது. ஆனால் எந்தக் கணினி, எந்த முகவரியோடு, எத்தனை மணிக்கு, எத்தனை பைட் பேசியது என்பது தெரியும். வலையமைப்புக் கண்காணிப்பு பெரும்பாலும் இந்த வரிகளைச் சேர்த்துவைத்துப் பார்ப்பதுதான். பழைய முறையில், முன்பு பிடிபட்ட தீநிரல்களின் (வைரஸ் போன்ற தீய மென்பொருள்களின்) அடையாளப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். நேற்று எழுதிய தீநிரல் அந்தப் பட்டியலில் இராது. வழக்கம் எது என்று முதலில் கற்றுக்கொண்டு, வழக்கத்தை மீறுவதைக் காட்டும் முறையை 1987இல் அமெரிக்கக் கணினி அறிஞர் டொரத்தி டெனிங் தன் ஆய்வுக் கட்டுரையில் வகுத்தார். இத்துறையில் இன்று ஏஐ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அதிலிருந்து வளர்ந்ததே.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். கணினிக்குள் தீநிரல் புகுந்துவிட்டது என்று வையுங்கள். வெளியே இருப்பவன் அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பை ரவுட்டர் பொதுவாக உள்ளே விடாது. ஆகவே உள்ளே இருப்பதுதான் அடிக்கடி வெளியே போய், "ஏதும் வேலை இருக்கா?" என்று கேட்டுவர வேண்டும். கோபால்ட் ஸ்ட்ரைக் என்றொரு மென்பொருள். பாதுகாப்புச் சோதனைக்காகச் செய்யப்பட்டுத் திருடர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அமைப்பை யாரும் மாற்றாவிட்டால் 60 செக்கனுக்கு ஒருமுறை அது இப்படிக் கேட்கும்.

அடுத்தடுத்த அழைப்புகளின் நேரங்களைக் கழித்து, இடைவெளிகளைச் செக்கனில் எழுதினால் 60, 60, 61, 60, 59 என்று வரும். அதே கணினியில் ஒரு மனிதர் இணையம் பார்த்தால் 1, 2, 1, 3, 2, 300, 1, 4, 2, 900 என்கிற மாதிரி வரும். பக்கம் திறக்கும்போது நாலைந்து அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். பிறகு அவர் வாசிப்பார், தேத்தண்ணி குடிப்பார், விருந்தினருக்கு அறைச் சாவி கொடுக்க எழும்பிப் போவார். உயர்தரத்தில் புள்ளிவிபரவியல் படித்தவர்கள் நியம விலகலை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதை, சராசரியால் வகுத்துப் பாருங்கள். தீநிரலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.01. மனிதருக்கு 274ஐ 122ஆல் வகுக்க, 2.25.

இது திருடனுக்கும் தெரியும். அதனால் இடைவெளியைக் கொஞ்சம் கலைத்துவிடுவான். 20 சதவீதம் கலைத்தால் ஒவ்வொரு இடைவெளியும் 48க்கும் 60க்கும் இடையில் எழுமாறாக விழும். விகிதம் என்ன? 0.06தான். இன்னும் துணிந்து, 0 முதல் 60 வரை எதுவும் வரட்டும் என்று விட்டாலும் 0.58 அளவில் நின்றுவிடும். பூச்சியத்தில் தொடங்கி எல்லா எண்ணும் ஒரே வாய்ப்போடு வரும் சீரான பரம்பலுக்கு இந்த விகிதம், மேல் எல்லை எதுவானாலும், 1ஐ 3இன் வர்க்கமூலத்தால் வகுத்த அளவே. இணையம் பார்க்கும் மனிதரோ 1ஐத் தாண்டிப் போகிறார். இப்படித் தாயக்கட்டையை உருட்டி உருட்டி மனிதரைப்போல நடிக்க முடியாது! கும்பலாக நாலு, பிறகு நெடு மௌனம், மறுபடி கும்பல் என்பதுதான் நம்முடைய நடை. இதைக் கணக்கில் முதன்முதல் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோசம் இன்னும் போகவில்லை.

பொறுமைசாலித் திருடர்களும் உண்டு. 2020இல் அம்பலமான, சோலார்விண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருள் வழியாக நடந்த ஊடுருவலில் தீநிரல் இரண்டு வாரம் வரை வாய் திறக்காமல் கிடந்தது. ஒருநாள் பதிவை மட்டும் பார்ப்பவரிடம் அது சிக்காது.

தாளம் தவறாமல் பேசுவதெல்லாம் தீநிரலுமில்லை. சீசீடிவி கமரா, விண்டோஸ், வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் எல்லாம் அப்படித்தான். கற்கும் இயந்திரம் உண்மையில் உதவுவது இங்கே: அந்த முகவரிக்கு வேறு எத்தனை கணினிகள் போகின்றன, அது முதலில் தென்பட்டது எப்போது, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பைட்டா என்று பலதையும் சேர்த்து எடைபோடும். போட்டாலும் கணக்கு கொடியது. நாளொன்றுக்குப் பத்து இலட்சம் தொடர்புகள், அதில் கெட்டவை 10, பெட்டி நூற்றுக்கு ஒருமுறைதான் தவறாகக் கத்தும் என்று வைத்தால்கூட, 10,000 பொய் எச்சரிக்கைகளுக்குள் அந்தப் 10ஐத் தேட வேண்டும்.

திருகோணமலையில் இன்னொரு சிக்கல். நிலாவெளி, உப்புவெளியில் மே முதல் செப்டெம்பர் வரை சீசன். வாடைக்காற்று மழை தொடங்கினால் அறைகள் காலி. நவம்பரில் வழக்கத்தைக் கற்ற பெட்டி, ஓகஸ்டில் வந்திறங்கும் விருந்தினரின் போன்களைப் படையெடுப்பு என்று நினைக்கும். வழக்கம் என்பது ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் வேறு. ஆனால் இத்துறை மாணவர்கள் பலர் இன்றும் பயிற்சிக்கு எடுப்பது கேடிடி 99 போன்ற தரவுத்தொகுதிகளை. அது 1998இல் அமெரிக்க விமானப்படைத் தளமொன்றின் வலையமைப்பைப் பாவனை செய்து உருவாக்கியது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது; கூப்பிடு தூரத்தில் ஹோட்டல்கள் இருக்கின்றன. பெயர் விபரங்களை நீக்கி இங்குள்ள ஒரு வருடப் பதிவைச் சேர்க்கப் பெரிய நிதி தேவையில்லை. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் காசில் ஒரு துளி போதும்.

சரஸ்வதி பூசைக்குக் கணினிக்குச் சந்தனப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; மாதக் கட்டணம் கிடையாதே. எப்படி வேலை செய்கிறது என்று கேளாமல் ஏஐ ஸ்டிக்கரை நம்பிக் கட்டணம் கட்டுவது அதைவிடப் பெரிய மூடநம்பிக்கை. 2023இல் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்) தாக்குதலால் இலங்கை அரசாங்க மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையானவை தொலைந்ததை நினைத்துக்கொண்டு, முதலில் கணக்குகளுக்குப் பிரதி எடுத்து, கணினியிலிருந்து கழற்றிய வன்தட்டில் வையுங்கள். விருந்தினர் வைஃபையையும் கணக்குக் கணினியையும் பிரித்துவிடுங்கள்.

பெட்டி வாங்குமுன் ஒன்று செய்யலாம், தங்கச்சி. கணக்குக் கணினியை ஓர் இரவு இயக்கத்தில் விட்டு, யாரும் தொடாமல், ரவுட்டர் பதிவு வைத்திருந்தால் அதை மறுநாள் எக்செலில் போடுங்கள். முகவரி வாரியாகப் பிரித்து, நேரங்களைக் கழித்து, நியம விலகலைச் சராசரியால் வகுங்கள். யாரும் தொடாத இரவில் மனிதச் சத்தம் இராது, 0.6க்குக் கீழே வரும் முகவரிகளை எழுதி, விண்டோஸ், வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் என்று தெரிந்தவற்றை வெட்டிக்கொண்டு வாருங்கள். மிஞ்சுகிற முகவரி எதுவென்று அந்த விற்பனையாளரிடம் கேளுங்கள்.